பீட்டிலுக்கு வெளி ஆயில் ஃபில்டரும் கூலரும்: ஒரு பம்ப்செட்காரனின் இரண்டு வருட அனுபவம்

வால்பாறை போய்த் திரும்பும் வழியில் பொள்ளாச்சியில் ஒரு சிக்னலில் நின்றேன். ஏப்ரல் வெயில். இஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருந்தது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு லேசாகக் கண் சிமிட்டியது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்தது, விட்டால் மறுபடி சிமிட்டியது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்து விரட்டும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டி 1968 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1300 இஞ்சின். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் பல வருடம் சும்மா நின்றதை வாங்கி வந்தேன். அது நிற்கும் இடத்தில் எப்போதும் ஒரு அட்டைப் பெட்டியை விரித்து வைத்திருப்பேன். அதனால் வீட்டம்மா வைத்த பெயர் 'எண்ணெய்ச் சட்டி'. என்னைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: கோயமுத்தூரில் பம்ப்செட் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். பிரஷர், ஃப்ளோ என்றால் கொஞ்சம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அந்த நினைப்புக்கும் இந்த கிட் ஒரு பாடம் எடுத்தது.

இந்த விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கான சுவிட்ச் 2 முதல் 6 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது பிரஷரை அளக்கும் அலகு) பிரஷர் இறங்கினால்தான் வேலை செய்யும். ஆக, விளக்கு எரிவது முன்னெச்சரிக்கை அல்ல, கடைசித் தகவல். அடுத்த நாளே சுவிட்ச் இருக்கும் துளையில் மூன்று வாய் உள்ள ஒரு 'டீ' இணைப்பைப் போட்டு, பட்டறையில் கிடந்த பிரஷர் கேஜை மாட்டினேன். சூடான இஞ்சினில் ஐடிலில் 4 பிஎஸ்ஐ, 2500 ஆர்பிஎம்மில் 22. கம்பெனி மேனுவல் கேட்பது 70 டிகிரி ஆயிலில் அதே 2500-க்கு 42. தேய்ந்த இஞ்சினுக்கும் 28-க்குக் கீழே போகக் கூடாது. என் ஆயில் 70-ஐ விடச் சூடு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் 22 நல்ல சேதி இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளையிடம் புலம்பினேன். அவர் இணையத்தில் தேடி ஒரு கிட் பிடித்தார். ஃபுல் ஃப்ளோ பம்ப் (ஆயில் முழுவதையும் வெளியே ஃபில்டர் வழியாக அனுப்புவது), வெளியே மாட்டுகிற ஃபில்டருக்கு ஒரு ஸ்டாண்டு, எட்டு வரிசை ஆயில் கூலர், ஹோஸ், கிளிப், முழங்கைத் துண்டுகள். எல்லாம் ஒரே பெட்டியில், இந்தியக் காசில் முப்பதாயிரத்தை ஒட்டி. விற்றவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சாமானை ஏழெட்டுப் பேர் தங்கள் தங்கள் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இரண்டு வாக்குறுதி: ஆயில் பிரஷர் கூடும், இஞ்சின் சூடு குறையும்.

கிட் எதற்கு என்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. காற்றால் குளிரும் இந்த இஞ்சினில் ஆயில் ஃபில்டர் என்று எதுவும் கிடையாது. அடியில் ஒரு கம்பி வலை, அவ்வளவுதான். இரண்டரை லிட்டர் ஆயில், 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், வலையைக் கழுவிப் போட வேண்டும். வலையைத் தாண்டும் நுண்ணிய பொடி எல்லாம் பேரிங்குக்குத்தான் போகும். கம்பெனியே கடைசி காலத்தில், 1990-களில் மெக்சிகோவில் செய்த பீட்டிலில், திருகி மாட்டும் ஃபில்டரைக் கொடுத்துவிட்டது. கூலர் ஆரம்பத்திலிருந்தே உண்டு. என் மாடலில் அது ஃபேன் வீட்டுக்குள்ளேயே, அதாவது இஞ்சினுக்குக் காற்றடிக்கும் ஃபேனைச் சுற்றிய தகரக் கூட்டுக்குள்ளேயே நிற்கும், இடது பக்கம் முன்னால் இருக்கும் மூன்றாம் நம்பர் சிலிண்டருக்கு நேர் மேலே. ஆயிலின் சூட்டை வாங்கிய காற்றுதான் அந்தச் சிலிண்டருக்குப் போகும். மூன்றாம் நம்பரின் எக்ஸாஸ்ட் வால்வு முதலில் பலியாவது பீட்டில்காரர்களுக்குப் பழக்கமான துக்கம். 1971 மாடலில்தான் கூலரைத் தனிக் கூண்டில் வைத்து, அதன் சூட்டுக் காற்றைத் தனியாக வெளியே விட்டார்கள்.

மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்தபோது பெட்டியும் வந்தது. பழைய பம்ப்பைக் கழற்றி, ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பம்ப்பைச் சுழற்றும் கேம்ஷாஃப்டின் கியரில் மூன்று ரிவெட். வந்திருந்த பம்ப் நாலு ரிவெட் கேம்ஷாஃப்டுக்கானது. இரண்டுக்கும் ஆழம் வேறு, மாற்றிப் போட முடியாது. 1968 மாடல் என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். விற்றவர் மன்னிப்புக் கேட்டு வேறு பம்ப் அனுப்பினார், உண்மைதான். அனுப்பியது மாப்பிள்ளையின் வீட்டுக்கு. அது என் கைக்கு வர இன்னும் ஐந்து மாதம். வாங்குகிறவர்கள் முதலில் பம்ப்பைக் கழற்றி ரிவெட்டை எண்ணுங்கள், அப்புறம் ஆர்டர் போடுங்கள்.

அந்த ஐந்து மாதம் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஃபேன் வீட்டைத் திறந்தேன். நல்ல வேளை திறந்தேன். பழைய கூலரின் தகடுகளுக்கு நடுவே சில்வர் ஓக் இலைத் துணுக்கு, எலி கடித்த துணி, அதன் மேல் ஆயில் கசிந்து பிடித்த மண். பாதிக்கு மேல் அடைப்பு. இஞ்சினைச் சுற்றியிருக்க வேண்டிய ரப்பர் சீல் பல இடத்தில் இல்லவே இல்லை. அந்த ரப்பர் அழகுக்கு இல்லை. இஞ்சினுக்குக் கீழே தள்ளப்பட்ட சூட்டுக் காற்று மறுபடி மேலே ஏறி ஃபேனுக்குள் போகாமல் அதுதான் தடுக்கிறது. கூலரை டீசலில் ஊறப்போட்டுக் கழுவி, புது சீல் வைத்து, காணாமல் போயிருந்த ஒரு தகரத்தையும் அடித்து மாட்டினேன். செலவு ஆயிரத்துச் சொச்சம். மறுபடி ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறிப் பார்த்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு, பெரும்பாலும் இரண்டாவது கியர். ஆயிலை நான் சோதிக்கும் இடம் அதுதான். முன்பு அட்டகட்டி தாண்டும்போது 126 டிகிரி காட்டிய ஆயில், இப்போது 116. முப்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி பரணில் தூங்கும்போதே பத்து டிகிரி இறங்கிவிட்டது.

சரி, கிட்டுக்கு வருகிறேன். சரியான பம்ப் வந்ததும் முதலில் மூடி சமமாக இருக்கிறதா என்று, துல்லியமான மட்டப் பலகையான சர்ஃபேஸ் பிளேட்டில் புளூ சாயம் தடவி, அதில் மூடியைத் தேய்த்துப் பார்த்தேன். நடுவில் பள்ளம், இரண்டு ஓரத்தில் மட்டும் புளூ பிடித்தது. கியர் பம்ப்பின் உயிரே கியரின் முகத்துக்கும் மூடிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான். இந்தப் பம்ப்புக்குப் பேக்கிங் இல்லாமல் அதிகபட்சம் 0.1 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் விட்டால் 0.15 தாராளமாக நுழைந்தது. இந்த விலைக்கு இது மன்னிக்க முடியாத வேலை. கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து, 8 வடிவில் சுழற்றித் தேய்த்து, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து 0.06-க்குக் கொண்டு வந்தேன். எனக்கு அது பிடித்த வேலை. எல்லோருக்கும் பிடிக்காது, எல்லோரிடமும் சர்ஃபேஸ் பிளேட்டும் இருக்காது.

ஃபில்டரிலிருந்து திரும்பும் ஆயிலை இஞ்சினுக்குள் விட இரண்டு வழி உண்டு. போக்கும் வரவும் மூடி வழியாகவே நடக்கும் வகை ஒன்று. அதற்கு இஞ்சினைப் பிரிக்க வேண்டாம், ஆனால் மூடிக்குள் பாதை குறுகல், வளைவு அதிகம். இன்னொன்று, இஞ்சின் கேஸின் ஆயில் பாதையில் துளை போட்டு, 3/8 என்பிடி டேப் அடித்து, அங்கே திரும்ப விடுவது. நான் இரண்டாவதற்குப் போனேன். கேஸ் மெக்னீசியம். சீவல் பஞ்சு போல வரும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சுத்தமாகப் பெருக்கி எடுத்த பிறகுதான் பக்கத்தில் கிரைண்டர் ஓட வேண்டும். என்பிடி கூம்பு மரை. இன்னும் இரண்டு சுற்று என்று ஆசைப்பட்டால் கேஸ் விரிந்து கீறல் விடும். ஒரு சீவல்கூட உள்ளே தங்கக் கூடாது. ஆகவே இஞ்சினை முழுதாகப் பிரிக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

பிரித்ததில் உண்மையான குற்றவாளி அகப்பட்டான். நடு மெயின் பேரிங் உட்காரும் இடம் அடிபட்டு அடிபட்டு முட்டை வடிவம் ஆகியிருந்தது. மெக்னீசியம் கேஸில் இது வழக்கமான நோய். பேரிங்கைச் சுற்றி இவ்வளவு வழி இருந்தால் ஆயில் அதன் வழியே ஒழுகிப் போகும், பிரஷர் எங்கே நிற்கும்? லைன் போரிங் போட்டு, அதாவது பேரிங் உட்காரும் துளைகளை ஒரே நேர்கோட்டில் வட்டமாகக் கடைந்து, வெளி விட்டம் கூடின பேரிங் வரவழைத்து மாட்டினோம். மெக்கானிக் தம்பி கூலரைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்ணா, காத்துல ஓடற இஞ்சினுக்கு எதுக்குங்ணா ரேடியேட்டரு?" என்றான். வாயை மூடிக்கொண்டு போல்ட்டை முறுக்கச் சொன்னேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி என்று பிறகு தெரிந்தது.

எல்லாம் மாட்டியபின் சூடான ஐடிலில் 11, 2500-இல் 36. பெட்டி மேல் எழுதியது பலித்துவிட்டது என்று நான் நம்பிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நம்பர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பம்ப் வெளியே தள்ளும் வாயில் ஒரு கேஜ், பழைய சுவிட்ச் இடத்தில் இன்னொரு கேஜ் வைத்தேன். ஃபில்டரையும் கூலரையும் விலக்கி, இரண்டு முனைகளையும் ஒரு சின்ன ஹோஸால் நேராக இணைத்து ஓட்டினேன். அப்புறம் அவற்றைச் சேர்த்து ஓட்டினேன். இஞ்சினுக்குள் காட்டிய பிரஷர் இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சேர்த்தபோது ஒரு பிஎஸ்ஐ குறைவு. பம்ப் வாயில் மட்டும் 14 பிஎஸ்ஐ கூடியிருந்தது.

இது பம்ப்செட்காரர்களுக்கு உடனே விளங்கும். தோட்டத்தில் ஓடும் மோட்டாரில் டெலிவரி வால்வை மூடினால், இம்பெல்லர் தண்ணீரை உள்ளேயே கடைந்துகொண்டு கிடக்கும், கொஞ்ச நேரத்தில் சூடாகும், அவ்வளவுதான். கியர் பம்ப் அப்படி இல்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று அள்ளியதைத் தள்ளியே தீரும். வழியை அடைத்தால் எது பலவீனமோ அது வெடிக்கும். ஆகவே வெளியே எத்தனை வளைவு வைத்தாலும் பேரிங்குக்குப் போகும் ஆயில் பெரிதாகக் குறையாது. பாரம் முழுக்கப் பம்ப்பின் தலையில் விழும். மூடியில் இடைவெளி அதிகமாக இருந்தால் அந்தப் பாரத்தில் ஆயில் பம்ப்புக்குள்ளேயே வழுக்கித் திரும்பும். அப்போதுதான் இஞ்சினுக்குக் குறையும். கிட்டால் பிரஷர் கூடவில்லை, லைன் போரிங்கால் கூடியது. கிட் செய்ததெல்லாம் கூடியதைக் கெடுக்காமல் இருந்தது, அதுவும் மூடியைத் தேய்த்ததால்.

அந்தப் பாரம் எப்படி இருக்கும் என்பதை டிசம்பர் காலையில் பார்த்தேன். கடையில் எல்லோரும் கொடுக்கிற, கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியிருந்தேன். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பம்ப் வாயில் இருந்த கேஜின் முள் 120-ஐத் தாண்டிப் போய் முட்டிக்கொண்டு நின்றது. பிரஷர் மீறினால் ஆயிலைத் திருப்பி விடும் இஞ்சினின் ரிலீஃப் வால்வு அதே நேரம் ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது இருப்பது ஃபில்டருக்கும் கூலருக்கும் அப்பால், இஞ்சினுக்குள்ளே. ஹோஸையும் ஃபில்டரையும் அதனால் காப்பாற்ற முடியாது. மூன்றாவது நாள் காலை, கிட்டோடு வந்த ரப்பர் ஹோஸ் கிளிப்பை விட்டுக் கழன்று அடித்தது. போர்ட்டிகோவில் பத்து வினாடியில் ஒரு லிட்டருக்கு மேல் ஆயில். நல்ல வேளை வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், சாவியைத் திருப்பிவிட்டேன். வீட்டு நாய் அதில் நடந்து ஹால் வரை பதித்த தடத்தைத் துடைத்ததற்கு என் மேல் இன்னும் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

இதுவே எல் அண்ட் டி பைபாஸில் எண்பதில் போகும்போது நடந்திருந்தால்? பழைய இஞ்சினுக்கு வெளியே ஒரு ஹோஸும் இல்லை, இப்படி மொத்த ஆயிலையும் ஒரே நொடியில் இழக்க அதற்கு வழியே இல்லை. இந்த கிட்டை மாட்டும்போது இஞ்சினின் ஆயுளை ஒரு ரப்பர்க் குழாயில் கட்டித் தொங்கவிடுகிறோம். கிட்டோடு வந்த ஹோஸ், கிளிப், எட்டு மில்லிமீட்டர் துளை முழங்கைகள் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கும் கடையில் அரை இஞ்ச் ஹைட்ராலிக் ஹோஸ் அளவெடுத்து, முனையில் கிரிம்ப் அடித்து, நீள வளைவு ஃபிட்டிங்கோடு வாங்கினேன். சைலன்ஸரிடமிருந்து தள்ளி, ஆடாமல் கிளாம்ப் போட்டேன். பம்ப் வாயில் 14 இருந்த சுமை 6-ஆக இறங்கியது. ஆயிலையும் 15டபிள்யூ-40 டீசல் இஞ்சின் ஆயிலுக்கு மாற்றினேன், சிஐ-4 தரம். காலையில் முள் இப்போது 80-க்குள் நிற்கிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் கேஜில் நம்பர் கூடும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பேரிங்குக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். ஆயில் விளக்கோடு ஒரு பஸ்ஸரையும் இணைத்திருக்கிறேன்.

ஃபில்டர் இடது பின் மட்கார்டுக்கு உள்ளே, வாய் மேலே பார்க்கும்படி. அப்படி வைத்தால் நிறுத்தியதும் ஆயில் வடிந்து காலியாகாது, கழற்றும்போது கையிலும் கொட்டாது. ஃபில்டர் அடைத்தாலும் ஆயிலைத் தாண்டிப் போக விடும் பைபாஸ் வால்வு உள்ள ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள். பம்ப் மூடியிலேயே ஃபில்டரை மாட்டுகிற கிட்டும் இருக்கிறது, ஹோஸ் தொல்லை இல்லை. ஆனால் அது தொங்கும் உயரத்தை நம் ஊர் ஸ்பீடு பிரேக்கரோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டேன்.

கூலர் கியர்பாக்ஸுக்கு மேலே, பன்னிரண்டு வோல்ட் சின்ன ஃபேனோடு. கிட்டில் தெர்மோஸ்டாட் கிடையாது, அதாவது ஆயில் எந்நேரமும் கூலர் வழியாகத்தான் போகும். முதல் குளிர்காலத்தில் ஊருக்குள் ஓட்டும்போது ஆயில் 65 டிகிரியைத் தாண்டவே இல்லை. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மோர் போல வெள்ளையாகப் படிந்தது. ஆயில் சூடேறாததால் ஈரம் வெளியேறாமல் தங்கியதன் அடையாளம் அது. காற்றால் குளிரும் இஞ்சினுக்கு அதிகக் குளிர்ச்சியும் வியாதிதான். தனியாக ஒரு தெர்மோஸ்டாட் அடாப்டர் வாங்கி ஃபில்டருக்கு அடியில் வைத்தேன். 82 டிகிரியில் திறக்கும், அதுவரை கூலர் பக்கம் பெயருக்குக் கொஞ்சம்தான் போகும். இப்போது ஊருக்குள் 85, 90. வால்பாறை ஏற்றத்தில் அட்டகட்டியில் 104. இறங்கும்போது தானே மூடிக்கொள்கிறது. பழைய கூலரை எடுத்துவிட்டு இதை மட்டும் வைக்கலாமே என்று கேட்கிறார்கள். நான் எடுக்கவில்லை. ஃபேன் ஃபியூஸ் போனால் அந்த இஞ்சினுக்கு வேறு துணை இல்லை.

புது பேரிங் போட்டு 500 கிலோமீட்டரில் முதல் ஃபில்டரைக் கழற்றி, தகட்டை வெட்டி, காகிதத்தை வெயிலில் விரித்தேன். மின்னும் பொடி. காந்தத்தில் ஒட்டவில்லை, அதாவது இரும்பு இல்லை, பேரிங்கும் கேஸும் தேய்ந்த பொடி. பழைய முறையில் இத்தனையும் சுற்றிச் சுற்றி வந்திருக்கும். இரண்டாவது ஃபில்டரில் பாதிகூட இல்லை. ஆறாவதை வெட்டியபோது கருப்பைத் தவிர ஒன்றுமில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே ஃபில்டர் பாகத்துக்குக் கொடுத்த காசு எனக்கு உறுத்தவில்லை.

மதிப்பெண் கேட்டால்: ஃபில்டர் என்ற யோசனைக்கு முழு மதிப்பெண். பம்ப் மூடியின் வேலைப்பாட்டுக்குப் பாஸ் மார்க் கிடையாது. ஹோஸுக்குப் பூஜ்யம். கூலர், மலை ஏறுபவர்களுக்கு மட்டும், அதுவும் தெர்மோஸ்டாட்டோடு. ஊருக்குள்ளும் அவினாசி ரோட்டிலும் மட்டும் ஓட்டுபவர்கள் அந்தக் காசில் தகரம், சீல், பழைய கூலரைச் சரி செய்யுங்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் நான் கூலருக்குப் பதில் 1971-க்குப் பிந்திய ஃபேன் வீட்டையும் அதன் தனிக் கூலரையும் தேடுவேன். மூன்றாம் நம்பர் சிலிண்டருக்கும் நல்ல காற்று கிடைக்கும், வெளியே கூடுதலாக ஒரு ஹோஸும் வேண்டியிருக்காது.

இப்போது மொத்தம் மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கிறது, மாற்றுவது இன்னும் 5000-க்கு ஒரு தடவைதான். அட்டைப் பெட்டி இன்னும் விரித்தபடியே இருக்கிறது, சொட்டு மட்டும் குறைந்திருக்கிறது. தப்பாக வந்த நாலு ரிவெட் பம்ப் பிரிக்காத உறையோடு பரணில் கிடக்கிறது. பொருந்துகிற கேம்ஷாஃப்ட் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். மூடியை மட்டும் தேய்த்துப் போடுங்கள்.